ஆறு ஆண்டு நீண்ட ஒரு மண்டலம்

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, விழுப்புரத்து டாக்டரம்மா வெகுநேரம் பேசாமல் நின்றார். பேசாமல் நிற்கும் மருத்துவரைப் போல் அச்சமூட்டும் காட்சி வேறு உண்டா? நானறிந்து இல்லை.

பிறகு திரும்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இவங்க வெயில்லயே வர்றதில்லையா?"

"ஆறு வருஷமா ஒரு நாளும் இல்லீங்கம்மா" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் சற்றே பெருமிதம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"பால், முட்டை, மீன்?"

"நெய் வாசனைகூடக் காட்டினதில்லீங்க."

டாக்டரம்மா படத்தை மேசைமீது வைத்தார். "யார் சொல்லி இப்படிப் பண்ணீங்க?" என்றார்.

இந்த இதழில் நான் எழுதும் இப்பகுதி பத்து வாரங்களாக ஏன் வெளிவரவில்லை என்று கேட்டு அன்பர்கள் பலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். வெளியூர்ப் பயணமா, ஆசிரியரோடு பிணக்கா என்றெல்லாம் ஊகித்திருந்தீர்கள். இரண்டும் இல்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல எனக்குப் பத்து வாரங்கள் ஆயின... அவ்வளவுதான்.

என் மனைவி தனபாக்கியத்தைப் பற்றி நான் இங்கே எழுதியதில்லை. குடும்பத்தாரை அச்சில் ஏற்றுவது கண்ணியமன்று என்பது என் கொள்கை. இன்று அவளிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். அனுமதி என்றால் – "எழுதுங்க, எழுதுங்க. உங்க வண்டவாளத்தையும் சேத்து எழுதுங்க" என்றாள். அதற்கு அனுமதி என்றுதான் நான் பொருள் கொண்டேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவளுடைய வெண்விழி மஞ்சளாயிற்று. காமாலை என்று தெருவே சொல்லிற்று. எங்கள் திண்டிவனத்தில் காமாலைக்கு மருந்து தெரியாதவர் யார்? கீழாநெல்லியை அரைத்துக் காலையில் நீர்மோரில் கொடுப்பது. உப்பு, புளி, எண்ணெய் விலக்குவது. வெயிலில் இறங்காமல் வீட்டுக்குள் இருப்பது. வெயில் பட்டால் பித்தம் ஏறும், மஞ்சள் கூடும் என்பது நம்பிக்கை. பத்தியம் ஒரு மண்டலம். அதாவது நாற்பத்தெட்டு நாள். நடுவில் ஒரு நாள் தவறினாலும் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணவேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார்.

எண்ணுவதில் என்னை மிஞ்ச முடியுமா? தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் டைம் கீப்பராக இருந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. மற்றக் கல்வியெல்லாம் ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வரும் இடைவெளியில் படித்ததுதான். ஆகவே, படித்தவற்றின்மீது எனக்குச் சற்று அதிகமான பற்று. பஸ் நேரப் பட்டியல் எழுதும் நீலத் தாளிலேயே பத்தியப் பட்டியலை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். விலக்க வேண்டியவை இடப்பக்கம். கொடுக்க வேண்டியவை வலப்பக்கம். வலப்பக்கம் பெரும்பாலும் வெற்றிடம்.

நாற்பத்தெட்டாம் நாள் மஞ்சள் சற்று வெளுத்தது. அறுபதாம் நாள் மீண்டும் ஏறியது.

எங்கோ பத்தியம் முறிந்திருக்கிறது என்று தீர்மானித்தேன். மறுபடி முதல் நாள். அதுவும் முடிந்து மஞ்சள் திரும்பிற்று. மறுபடி முதல் நாள்... இதற்கிடையே, இரண்டாம் ஆண்டில் வைத்தியர் காலமானார். தொடங்கச் சொன்னவர் போய்விட்டார். இனி, நிறுத்தச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அதன்பிறகு வேறு வேறு உபாதைகள். உடம்பெல்லாம் அரிப்பு. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். வாய் வறண்டு, தண்ணீர் இல்லாமல் ஒரு கவளம் இறங்காது. பிறகு விலா, முதுகு, இடுப்பு என்று எலும்பெல்லாம் நோவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பஸ் பிடித்தோம். அரிப்புக்குச் செஞ்சி பஸ். கண்ணுக்குப் புதுச்சேரி பஸ். எலும்பு நோவுக்கு வாதத் தைலம் தரும் ஒருவரைத் தேடி மரக்காணம் பஸ். மூவரும் நல்லவர்கள். அவரவர் இடத்தை அவரவர் பார்த்தார்கள். மற்ற இடத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கண் வைத்தியரிடம் போய் இடுப்பு வலியைப் பற்றிப் பேசினால் மரியாதையாக இருக்குமா என்று எண்ணினேன்.

பதினாறு மாதங்களுக்கு முன்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். இனி நாள் முழுதும் வீட்டிலிருந்து அவளைக் கவனித்துக்கொள்ளலாம் என்ற மகிழ்ச்சி எனக்கு. கவனித்தேன். அன்றுமுதல்தான் அவள் வேகமாகத் தளரத் தொடங்கினாள். முதலில் நடை வாத்துபோல் இருபுறமும் அசைந்தது. பிறகு தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பிறகு நிற்கவே முடியவில்லை. காலையிலும் மாலையிலும் அவளை நான்தான் இரு கைகளிலும் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோனேன். அறுபதை நெருங்கும் என் முதுகும் அதை விரும்பவில்லை என்பது வேறு செய்தி.

ஒரு நாள் தூக்கிச் செல்லும்போது என் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"சாவறதுகூடப் பெரிசா தோணலீங்க. இப்படிக் கொழந்தையாட்டம் தூக்கிக்கினு போறீங்க பாருங்க... இதான் பேஜாரா இருக்குது. கொல்லைக்கு மட்டும் நானே நடந்து போற மாதிரி பண்ணுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

அவள் என்னிடம் ஏதாவது கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்கு அடுத்த வாரம் தும்மினாள். ஒரே ஒரு தும்மல். விலாவில் சுள்ளென்று பிடித்து, மூச்சு விட முடியாமல் துடித்துவிட்டாள். அடுத்த வீட்டுக் குப்பம்மாள் ஓடிவந்தாள். மண்டிக்காரர்களுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்துக் கொடுப்பது அவள் தொழில். என்னை அண்ணன் என்றும் இவளை அண்ணி என்றும் உறவு கொண்டாடுபவள்.

"இன்னா அண்ணே பாத்துக்கினு நிக்கறீங்க? ஜல்தியா விழுப்புரம் இட்டுக்கினு போங்க. நானும் வர்றேன்" என்றாள்.

அப்படிப் போன இடத்தில்தான் அந்தக் கேள்வி.

பத்தியத்தின் வரலாற்றை முழுவதும் சொன்னேன். டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். எனக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறேன்.

இது வந்து போகும் காமாலையன்று. உடம்பைக் காப்பதற்கென்று நமக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறதாம். சிலருக்கு அந்தக் காவல் தன் வீட்டையே எதிரியின் வீடென்று எண்ணி இடிக்கத் தொடங்கிவிடுமாம். ஏன் என்று இன்னும் தெரியவில்லையாம். இவளுக்கு அது ஈரலின் பித்தக் குழாய்களைச் சிறிது சிறிதாக அடைத்துக்கொண்டு வருகிறது. பித்தம் குடலுக்குச் சரியாக இறங்காவிட்டால் கொழுப்பு செரிக்காது. கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏறவேண்டிய ஒரு வைட்டமினும் ஏறாது. அது இல்லாவிட்டால் எலும்பு சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளாது. மெத்தென்றாகித் தும்மலுக்கும் முறியும். கண் வறட்சியும் வாய் வறட்சியும்கூட அதே காவலின் வேலையாகத்தான் இருக்கும் என்றார்.

ஆக, நான் பிடித்த பஸ்கள் அத்தனையும் ஒரே நோய்க்குப் பிடித்தவை!

"அந்த வைட்டமின் வெயில் பட்டா தோல்லயே உண்டாகும்" என்றார் டாக்டரம்மா. "சாப்பாட்டு வழி ஏற்கனவே அடைச்சுப் போச்சு. மிச்சம் இருந்தது அந்த ஒரு வழிதான்."

மிச்சமிருந்த வழியை அடைத்தவன் யார் என்று அவர் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர்.

மீண்டும் படத்தைக் கையில் எடுத்தார். "ஒண்ணுதான் எனக்குப் புரியலை, ஐயா. ஆறு வருஷம் வெயிலே இல்லைன்னா இது எப்பவோ முறிஞ்சிருக்கணும். நீங்க சொல்றதைப் பார்த்தா, போன வருஷம்தானே மோசமாச்சு?"

தனபாக்கியம் தன் வளையலைத் திருகினாள். குப்பம்மாள் கூரையை ஆராய்ந்தாள்.

"இன்னும் இன்னா மறைக்கறது, அண்ணி? சொல்லிடு" என்றாள் குப்பம்மாள்.

"நீயே சொல்லேன். நல்லா வாய் இருக்குதே."

குப்பம்மாள் சொன்னாள். நான் காலையில் பஸ் நிலையத்துக்குப் புறப்பட்டதும், தனபாக்கியம் வேலியைத் தாண்டிக் குப்பம்மாளின் களத்துக்குப் போய்விடுவாளாம். அங்கே மல்லாட்டை காயும். அது காயாத நாளில் கேப்பை காயும். காக்கை ஓட்டுகிறேன் என்று உச்சிப்பொழுதுவரை வெயிலில் உட்கார்ந்திருப்பாளாம். பசித்தால் அங்கேயே கூழும் கருவாட்டுக் குழம்பும்.

"நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவேனே?" என்றேன்.

"நீங்கதான் ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்கு வர்ற ஆளாச்சே! ஒன்ன முக்காலுக்கு அண்ணி வாய் கொப்பளிச்சிக்கினு வந்து படுத்துக்கும். டைம் தவறாத புருஷன் கெடச்சா அதுல ஒரு சவுகரியம் அண்ணே."

டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "அந்தக் களத்துக்குப் போறதை எப்பம்மா நிறுத்தினீங்க?"

தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "இவரு ரிட்டையர் ஆனாரே... அன்னிக்கி."

அன்பர்களே, இருபத்தெட்டு ஆண்டுகளில் எத்தனையோ பயணிகள் என்னை ஏசியிருக்கிறார்கள். எந்த வசையும் அந்த ஒரு சொல்லைப் போல் என்னைத் தாக்கியதில்லை. அவளைக் கவனிப்பதற்கென்று வீட்டில் வந்து அமர்ந்தேன். அமர்ந்த நாளே அவளுடைய வெயிலை மறித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்: "ஏன் தனம், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா மறுபடி ஒண்ணாம் நாள்லேர்ந்து எண்ணுவீங்க" என்றாள்.

எண்ணியிருப்பேன்.

சென்னையில் பெரிய மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் தங்கிச் சோதனை செய்தார்கள். டாக்டரம்மா சொன்னதுதான் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். ஈரலைத் தாக்கும் இந்த நோயைத் தீர்க்க இன்றைக்கு மருந்தில்லை. மஞ்சள் போகாது. அரிப்பும் இருக்கும். இன்னும் பத்தாண்டோ, ஐந்தாண்டோ... அதைச் சொல்ல அவர்களால் இயலவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை. எலும்புக்கு மட்டும் வழியுண்டு. அந்த வைட்டமினை ஊசியாகப் போடுவது, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, செரிக்கும் அளவுக்கு ஆடை நீக்கிய பாலும் மீனும் முட்டையும், நாள்தோறும் வெயில்.

"நடப்பாங்களா?" என்று விழுப்புரத்துக்குத் திரும்பி வந்து கேட்டேன்.

"எட்டு வாரம் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அந்த எட்டு வாரங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. காலையில் குப்பம்மாள் களத்துக்கு அவளைத் தூக்கிப்போய் வெயிலில் அமர்த்துவேன். பகலில் தூக்கி வருவேன். சுவரிலிருந்த பட்டியலைக் கிழிக்கப் போனேன். சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. "செவுத்த ஏன் பேக்கறீங்க? அது இன்னா பண்ணிச்சு?" என்று படுத்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

நான்காம் வாரம் விலா நோவு குறைந்தது. ஐந்தாம் வாரம் அவளாகவே புரண்டு படுத்தாள். ஆறாம் வாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கால் நடுங்கிற்று, உட்கார்ந்துவிட்டாள். ஏழாம் வாரம் ஒரு முன்னேற்றமும் இல்லை. அந்த வாரம் ஒரு நாள் நான் களத்து ஓரத்தில் போய் நின்றுகொண்டு, என்னென்னவோ எண்ணினேன். கண்டிப்பை அன்பு என்று நினைத்துக்கொள்வதில் எவ்வளவு வசதி இருக்கிறது! கண்டிப்புக்கு ஒரு தாள் போதும். அன்புக்கு எதிரிலிருப்பவரிடம் கேள்வி கேட்கவேண்டும்... பதிலையும் கேட்கவேண்டும். மனைவியோ, பிள்ளையோ, நோயாளியோ – நாம் போட்ட விதிக்கு ஒளிந்து வாழ்கிறார்கள் என்றால், விதியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பதில் குற்றமென்ன? ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு இது விளங்க இத்தனை ஆண்டுகள் ஆயின. மெத்தப் படித்தவர்களுக்கு விரைவில் விளங்கலாம்.

சென்ற வியாழக்கிழமை காலை. தூக்கிச் செல்வதற்காக நான் வழக்கம்போல் குனிந்தேன்.

"தள்ளுங்க" என்றாள்.

சுவரைப் பிடித்தாள். எழுந்தாள். ஒரு கால், பிறகு ஒரு கால்... வாத்து நடைதான். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். நான் கையை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் இருந்தாள். அடுப்படியைக் கடந்தாள். படியில் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். கண் இன்னும் மஞ்சள்தான். அரிப்பு விடவில்லை, நடுவில் ஒருமுறை நின்று முழங்கையைச் சொறிந்துகொண்டாள். கொல்லைப்புறத்துத் தகரக் கதவுவரை தானே போனாள். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள்.

எங்கே விழுந்துவிடுவாளோ என்று நான் கதவருகிலேயே நின்றேன். உள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னும் இன்னா அங்க நின்னுக்கினு? போங்க அப்பால!"

போனேன். இனி விதி போடுகிற முறை அவளுடையது.