இடது, வலது, பிரேக்கு

"இடது!" என்று கத்துகிறார் எவரார்தோ, காருக்குப் பின்னால் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டு. உள்ளே அவர் மகள் நெரேய்தா இண்டிகேட்டரைப் போடுகிறாள். "வலது!" அதுவும் எரிகிறது. "பிரேக்கு! நல்லா அமுக்கும்மா, பொம்மைக் காரா ஓட்டுற?" பின்னால் இரண்டு சிவப்பும் பளிச்சென்று எரிந்த பிறகுதான் அவர் முன்சீட்டில் ஏறுவார்.

ஹூஸ்டனுக்குக் கிழக்கே பாசடினாவில், எண்ணெய் ஆலைகளுக்குப் பின்புறத் தெருவில், காலையில் வாசலுக்கு வாசல் இந்தக் கூப்பாடுதான். கோயில் மணி தப்பினாலும் இது தப்பாது. தெருக்கோடி ராமிரோவை எல்லைக்கு அப்பால் அனுப்பியது ஒரு பியூஸ் போன பல்பு. பல்பு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது, லைசென்ஸ் கேட்டது, குடியேற்றக் காகிதம் இல்லாதவனிடம் லைசென்ஸ் ஏது, அவ்வளவுதான். இப்போது அவன் பிள்ளைகள் அவனைப் போனில் பார்க்கிறார்கள்.

நெரேய்தாவிடம் லைசென்ஸ் உண்டு. அந்த வீட்டில் அவள் ஒருத்தியிடம்தான். மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து மெக்சிகோ எல்லை ஆற்றைக் கடந்தவள் அவள். இடுப்பில் இருந்த பிள்ளை என்ன குற்றம் செய்தது என்று நாடு ஒரு நாள் யோசித்தது. சிறுவயதில் கூட்டிவரப்பட்டவர்களை விரட்டுவதில்லை, அவர்கள் வேலையும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தது. கொடுத்ததும் இரண்டு வருஷத்துக்குத்தான். அது முடியும்போதெல்லாம் மறுபடி கேட்க வேண்டும். அனுமதி போனால் லைசென்ஸும் போச்சு, வேலையும் போச்சு. அப்பாவைக் கூரை வேலைக்கும் அம்மாவை ஓட்டலில் அறை பெருக்கும் வேலைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் தன் வேலைக்குப் போவாள். அவள் ஓட்டுவது ஆம்புலன்ஸ்.

சொந்தக் காரில் அவள் ஆமை. நிறுத்தக் கோட்டில், தெருவில் நாய்கூட இல்லாதபோதும், முழுசாக நின்று, மனசுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்துத்தான் நகர்வாள். ஆம்புலன்ஸில் ஏறிவிட்டால் வேறு பிறவி. நோயாளியை ஏற்றிப் பின்கதவைச் சாத்தி உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால், கிளம்பலாம் என்று அர்த்தம். அந்த இரண்டாவது தட்டு விழுவதற்குள் வண்டி நகர்ந்திருக்கும். எவரார்தோவுக்குப் பெருமை தாங்காது. கூரைமேல் நின்றபடி கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்வார்: "இந்த ஊர்ல சிவப்பு விளக்கைப் பார்த்து நிக்காம போற மெக்சிகோக்காரி எம் மக ஒருத்திதான்டா!" எங்கே சைரன் கேட்டாலும் சுத்தியலை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார். எந்த வண்டி, யார் ஓட்டுகிறார்கள் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த கூத்தை அவளுடைய ஆம்புலன்ஸ் ஜோடி வெஸ்லி இன்றுவரை விடவில்லை. வெஸ்லி இந்த மண்ணிலேயே பிறந்த வெள்ளைக்காரன், வாய்த்துடுக்கு. அன்று பின்னால் உட்கார்ந்து ஒரு நெஞ்சுவலிக்காரரை அவன் கவனித்துக்கொண்டிருந்தான். கூட்டத்தை விலக்கித் தர ஒரு போலீஸ் கார் விளக்குச் சுழல நெருங்கி வந்தது. கண்ணாடியில் அந்த நீலமும் சிவப்பும் தெரிந்ததுதான் தாமதம், நெரேய்தா ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு சிலையாகிவிட்டாள். "ஏய், அவன் நமக்கு வழி எடுத்துக் குடுக்க வந்திருக்கான்! எடு வண்டிய!" என்று வெஸ்லி அலறினான். படுத்திருந்தவர் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "யாரைப் பிடிக்கிறாங்க? என்னையா?" என்று கேட்டாராம்.

மனிதர் பிழைத்துக்கொண்டார். வீட்டில் இதைக் கேட்டு அம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள். எவரார்தோ சிரிக்கவில்லை. "அது நான் சோத்தோட ஊட்டி வளர்த்த பயம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு எத்தனையோ போலீஸ் கார்கள் பின்னால் வந்தன. அவள் ஒருமுறைகூட நிறுத்தவில்லை.

இந்தத் தடவை புது அனுமதி வரவில்லை. கேட்டு மாதங்கள் ஆகியும், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற பதில்தான். பழையது வியாழக்கிழமையோடு முடிந்தது. அன்று மாலை ஆம்புலன்ஸைக் கழுவித் துடைத்து, சாவியை ஆணியில் மாட்டினாள்.

"நாளைக்கே வந்துடும் பாரு. ஒரு நாள் ஓட்டினா யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் வெஸ்லி.

"எனக்குத் தெரியுமே. இத்தனை வருசம் கோட்டைத் தாண்டாதவ, இன்னிக்கா தாண்டுவேன்?"

வெள்ளிக்கிழமை காலை யாரும் கூப்பிடாமலே, அப்பாவைக் கூரை வேலைக்குக் கொண்டுபோய் விட, வெஸ்லியின் பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. அம்மா ஒரு தோழியோடு முன்பே போய்விட்டிருந்தாள். எவரார்தோ தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தார். நெரேய்தா வெளியே வந்தாள், இஸ்திரி போட்ட நீலச் சீருடையில்.

"நீ எங்க கிளம்பிட்ட?" என்றான் வெஸ்லி.

"எங்கயும் இல்ல. ஆனா எப்ப கூப்பிட்டாலும் போகணும்ல?" என்று சொல்லிவிட்டு அவள் வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். "இடது போடு."

"அட, என்னை எவன் நிறுத்தப்போறான்?"

"உன்னை நிறுத்தினா உனக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துல எங்கப்பா உக்காந்திருக்காரு."

வெஸ்லி இண்டிகேட்டரைப் போட்டான். இடது எரிந்தது. வலது எரிந்தது. "பிரேக்கு!" என்றாள். ஒரு பக்கம்தான் சிவந்தது. எத்தனை மாதமாக அப்படி ஓட்டுகிறானோ, அவனுக்கே தெரியாது.

நெரேய்தா தன் காரைத் திறந்து, துணியில் சுற்றி எப்போதும் வைத்திருக்கும் பல்புகளில் ஒன்றை எடுத்துவந்தாள். இஸ்திரி மடிப்பைப் பார்க்காமல் தார்ச்சாலையில் மண்டியிட்டு அதை மாட்டினாள். "இப்ப அமுக்கு."

இரண்டும் எரிந்தன. எழுந்து, முழங்கால் தூசியைத் துடைத்து, வண்டியின் பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.