கத்தரிப்பூ நிறச் சிப்

என் கணவருக்குத் தேவாலயத்தில் ஞாயிறு காலைப் பூசை தவறக் கூடாது. எனக்கு ஞாயிறு காலைச் சந்தை தவறக் கூடாது. சண்டை பிடித்துக் களைத்த பிறகு, சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போவதென்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அதிலிருந்து ஞாயிறு விடிந்ததும் நாங்கள் இருக்கும் மோர்டனிலிருந்து காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவோம். லண்டனின் ஓரங்களில், பெருவீதிப் பக்கத்துப் புல்வெளிகளில், காரின் பின்கதவைத் திறந்து வைத்துப் பழைய சாமான்கள் விற்பார்கள். சில இடங்களில் ஒரு நீள வீதி முழுவதுமே ஒரே நாளில் வீட்டு வாசல்களில் மேசை போட்டுவிடும். சனங்கள் அங்கே கோப்பைகளையும் குழந்தை உடுப்புகளையும் தேடுவார்கள். நான் கசினோச் சாமான்களைத் தேடினேன்.

லண்டன் நடுவில் ஒரு சூதாட்டக் கசினோவில் நான் பல வருடங்கள் ரூலெட் மேசையில் டீலராக வேலை செய்தேன். சக்கரத்தைச் சுழற்றி, பந்தை விட்டு, வென்றவருக்குக் காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப்புகளைத் தள்ளி, தோற்றவரிடமிருந்து வாரி எடுப்பது என் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு வாங்கினோம். ஒரு நாள் கசினோவை மூடினார்கள். சிப்புகளை எண்ணிப் பெட்டிகளில் அடுக்கி, நொறுக்குவதற்கென்று கொண்டுபோனார்கள். எங்கள் சீருடையில் பைகள் கிடையாது. எதையும் எடுக்கக் கூடாதென்றே அப்படித் தைத்திருந்தார்கள். இத்தனை வருட உழைப்பில் கையில் வைத்துப் பார்க்க ஒரு பொருளும் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். என் மேசையில் இருந்த கத்தரிப்பூ நிறச் சிப்பில் ஒன்றையாவது எப்படியும் கண்டுபிடிப்பதென்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

"நொறுக்கினதை எங்கை போய்த் தேடுறது?" என்று கணவர் கேட்டார்.

"ஆராவது ஒண்டாவது வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பினம்," என்றேன்.

இரண்டு கோடைகள் தேடினோம். கசினோக்கள் ஆடி முடித்து ஓட்டை போட்டு ஒதுக்கிய பழைய சீட்டுக் கட்டுகள் கிடைத்தன. வேறு கசினோக்களின் சாம்பல் தட்டுகள், தாயக்கட்டைகள், கடற்கரைப் பட்டணமொன்றின் சிப்புகள் கிடைத்தன. சிலதை வாங்கினேன். தேடியது மட்டும் கிடைக்கவில்லை. மழையில் நனைந்தபடி, பொத்தான் டப்பாக்களையும் சாவிக் கொத்துகளையும் விரலால் கிளறிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். கணவர் தேநீர்க் கோப்பையுடன் காரில் இருப்பார்.

குரோய்டன் பக்கத்து நீள வீதி ஒன்றில்தான் அது கண்ணில் பட்டது. ஒரு வீட்டு வாசலில், ஆண்களின் சப்பாத்துகளுக்கும் கழுத்துப் பட்டிகளுக்கும் நடுவே ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அதற்குள் பழைய நாணயங்களோடு கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சிப். திருப்பிப் பார்த்தேன். எங்கள் கசினோவின் கொக்கு முத்திரை.

மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார்.

"அது என்னெண்டு தெரியுமோ உமக்கு?"

"ஓம் அக்கா. கசினோச் சிப். நான் அங்கை டீலரா வேலை செய்தனான்."

அவர் முகம் மாறியது. கையை நீட்டி என் விரல்களுக்கிடையிலிருந்து சிப்பை எடுத்தார்.

"இது விற்கிறதுக்கில்லை. உமக்கு விற்கவே மாட்டன். என்ரை மனுசன் உழைச்சதெல்லாம் உங்கடை மேசையிலைதான் போனது."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலை செய்து சம்பளம் வாங்கியதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. "அடுத்த கிழமை வாறன் அக்கா," என்று மட்டும் சொன்னேன்.

"விடன் இதை. பாவம் அந்த மனுசி," என்றார் கணவர் காரில். என்னால் விட முடியவில்லை. சிப் ஒரு காரணம். அந்த அக்காவின் முகமும் ஒரு காரணம்.

அடுத்த ஞாயிறு போய் மணியை அடித்தேன். திரைச்சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அன்று கதவைத் திறந்தார்.

"உமக்கு வேறை வேலை இல்லையோ?"

"இல்லை அக்கா, வேலை போயிட்டுது," என்றேன். அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. உள்ளே விட்டார்.

முன்னறையில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடி. எப்போதும் என் இடது பக்கத்துக் கதிரையில் வந்து உட்காரும் மனிதர்.

"தெரியும் போலை," என்றார் அக்கா. "செத்தவீட்டுக்கு வந்த சனமெல்லாம் தங்கமான மனுசன் எண்டு சொல்லிட்டுப் போச்சுது. நீர் கண்டதைச் சொல்லும். அங்கை எப்பிடி இருந்தவர்?"

உள்ளதைச் சொன்னேன். தோற்றதுதான் அதிகம். தோற்றாலும் சத்தம் போட மாட்டார். பக்கத்தில் யாராவது டீலரைத் திட்டினால், அமைதியாக இருங்கள் என்பார். மேசையில் ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி பேசக் கூடாதென்பது கசினோ விதி. அவருக்கும் அது தெரியும்.

"ஆனா எழும்பிப் போகேக்கை, 'போயிட்டு வாறன் பிள்ளை' எண்டு எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொல்லுவார்."

அக்கா படத்தைத் திரும்பிப் பார்த்தார். "இந்த வாசலாலை போகேக்கை எனக்கு ஒருநாளும் சொல்லிப்போட்டுப் போனதில்லை," என்றார்.

சிப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "இதுக்கு என்ன பெறுமதி?"

"ஒண்டுமில்லை அக்கா. நிறச் சிப்பெண்டா மேசையிலை மட்டும்தான் மதிப்பு. எழும்பேக்கை திருப்பித் தர வேணும். அவர் ஒருத்தருக்கும் தெரியாமல் கொண்டு வந்திருக்கிறார்."

"காசுக்கும் உதவாத சாமானை ஏன் வைச்சிருந்தவர்?"

"தெரியாது அக்கா."

"என்னை ஒருக்கா அங்கை கூட்டிக்கொண்டு போம். அதுக்குப் பிறகு இதைப் பற்றிக் கதைப்பம்."

ஒரு புதன்கிழமை பகலில் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல சேலை ஒன்று உடுத்து, மேலே குளிர்க் கோட் போட்டு வந்தார். கசினோ இருந்த கட்டடம் இப்போது உடற்பயிற்சி நிலையம். பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் இயந்திரங்களில் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் எங்கை இருந்தவர்?"

நீலச் சட்டைப் பெண் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினேன். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வழியில் போனவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் மாளிகை மாதிரி ஏதோ இருக்கும் எண்டு நினைச்சிட்டன்," என்றார். "இதுக்கே இவ்வளவு காலமும் பயந்தனான்."

பிறகு கைப்பையிலிருந்து சிப்பை எடுத்தார். நான் கையை நீட்டினேன்.

"ஐஞ்சு பவுண்," என்றார். "சும்மா தரமாட்டன். இந்த இடத்துக்கு அவர் சும்மா குடுத்தது போதும்."

தாளை எடுத்துக் கொடுத்தேன். அக்கா தாளின் விளிம்பைத் தடவிப் பார்த்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, சிப்பை என் உள்ளங்கையில் வைத்தார். நான் நினைத்திருந்ததை விடப் பாரம் குறைவாக இருந்தது. வேலை நாட்களில் கட்டுக் கட்டாகவே தூக்கியதால், ஒற்றைச் சிப்பின் பாரம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் டூட்டிங்கில் இறங்கிச் சாப்பிட்டோம். அக்கா கொத்துரொட்டியை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, மனுசனின் கோட்டுகள் இரண்டு இன்னும் விற்காமல் கிடக்கின்றன, நல்ல சந்தை எது என்று கேட்டார். எப்சம் பக்கம் ஒரு புல்வெளி இருக்கிறது, விடிய வெள்ளனப் போனால்தான் இடம் கிடைக்கும் என்றேன்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை உங்கடை காரிலை என்னையும் ஏத்துங்கோ," என்றார்.