பத்து மணிப் போத்தல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் பதினெட்டு வருஷமாகப் பிள்ளை பார்க்கிறேன். வாசல் பலகையில் இப்போது வேறு ஏதோ நீளமான பெயர் எழுதியிருக்கிறார்கள். யாரும் அதைச் சொல்வதில்லை. காலையில் பெரட்டில் பேர் கொடுக்கப் போகிற வழியில் தாய்மார் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலை ஏறுவார்கள். மத்தியானம் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி கொழுந்தெடுக்கப் போவார்கள். மாலை வரை பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான்.

பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் தூங்க வைப்பதில் எனக்குப் பெரிய பெயர் இருந்தது. பத்து மணி ஆனதும் சூப்பிப் போத்தல்களை வரிசையாக வைப்பேன். இளஞ்சூட்டில் பிளேன் டீ, போத்தலுக்கு இரண்டு கரண்டி சீனி. வாயில் வைத்துக்கொடுத்துத் தொட்டிலை இரண்டு தரம் ஆட்டினால் போதும். சப்பிக்கொண்டே கண்ணை மூடிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. லயத்து வீடுகளில் எல்லாரும் வளர்ந்தது அப்படித்தான். என் இரண்டு பையன்களையும் அப்படித்தான் வளர்த்தேன். பிள்ளை அழுகிற சத்தம் பக்கத்து மலைக்குக் கேட்டால் தாய்க்குக் கை ஓடாது. மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க இருக்கிற எடமாட்டமே தெரியலியே" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் குழந்தை எட்டு மாதத்தில் என்னிடம் வந்தது. போத்தலைக் கண்டதும் தானாகத் தொட்டிலுக்குத் தவழும். நான் இதுவரை பார்த்த பிள்ளைகளில் சுலபமான பிள்ளை அதுதான். அதன் அம்மாவோ லயத்தில் எல்லாரும் கேலி செய்கிற அளவுக்குக் கவனமானவள். விடியற்காலைக் குளிரில் தண்ணீர் விழுகிற பீலியடியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, துணியை விரலில் சுற்றி ஈறு துடைப்பாள். டொபி வாங்கிக் கொடுத்த சொந்தத் தம்பியோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். இரண்டு வயதில் வீட்டில் போத்தலை நிறுத்திவிட்டாள். மடுவத்தில் நான் நிறுத்தவில்லை. மூன்றரை வயது வரை பத்து மணிக்கு அதன் போத்தல் தயாராக இருந்தது. தூங்குவதற்குத் தண்ணீர் கொடுக்கிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மேல் முன்பற்களில் முதலில் வெள்ளைக் கோடு தெரிந்தது. பிறகு மஞ்சள், பிறகு கறுப்பு. அவள் என்னிடம் வந்து காட்டியபோது, "பால் பல்லுதானே தங்கச்சி, விழுந்துட்டு நல்லதா மொளைக்கும்" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

நாலு வயது முடிந்த கையோடு பிள்ளைக்கு முகம் வீங்கியது. காய்ச்சல், சோறு இறங்கவில்லை. அவளுக்குச் சிங்களம் வராது என்பதால் நானும் கூடப் போனேன். டவுன் ஆஸ்பத்திரியில் பல் பார்க்கிற டொக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. வாயைத் திறந்து பார்த்துவிட்டு நாலு பல்லை எடுக்கவேண்டும் என்றார். பால் பல் என்று விட்டால் சீழ் கீழே இறங்கி, வரப்போகிற பல்லையும் கெடுக்கும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அதையும் சொன்னேன்.

"போத்தல்ல இனிப்பு குடிச்சிக்கிட்டே தூங்குற பழக்கம் இருக்கான்னு கேக்குறாங்க."

"இல்லக்கா. வீட்ல போத்தலே இல்லன்னு உங்களுக்கே தெரியுமே. சொல்லுங்க."

அந்த அறையில் கேள்வியும் எனக்குத் தெரியும், பதிலும் எனக்குத்தான் தெரியும். இல்லையாம் என்று சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். எல்லா அம்மாமாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று தாதியிடம் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை, அந்த முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாங்கவேண்டிய பேச்சை அவள் வாங்கினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பல் எடுத்து முடிந்ததும் பிள்ளை வாயில் பஞ்சோடு தேம்பிக்கொண்டு வந்தது. அம்மா கையை நீட்டினாள். அது என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. தூங்க வைக்கிறவள் நான்தானே.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். "நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"சில பிள்ளைக்கு அப்பிடித்தான்" என்றேன்.

மறுநாளே சீனி டின்னை மடுவத்திலிருந்து எடுத்துவிட்டேன். போத்தலில் வெறும் ஆறிய தண்ணீர்தான். ஒன்பது நாள் பிள்ளைகள் கத்தித் தீர்த்தன. அக்காவுக்கு வயசாகிவிட்டது, பிள்ளை பார்க்க முடியவில்லை என்று தாய்மார் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். காலையில் ரொட்டி தின்று முடிந்ததும் பல் தீட்டுகிற வேலையைத் தொடங்கினேன். பல் முளைத்த எல்லாருக்கும் தனித்தனியாகச் சின்ன பிரஷ், அடையாளத்துக்கு ஆளுக்கொரு நிற நூல். அரிசி அளவு பேஸ்ட், கொஞ்சம் பெரியதுகளுக்குப் பட்டாணி அளவு. இந்தக் குளிரில் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தால் பிள்ளைகள் ஓடிவிடும், அதனால் கேத்தலில் சுடவைத்துக் கலந்து வைப்பேன். சின்னதுகளை மடியில் சாய்த்து நானே தீட்டிவிடுவேன். பெரியதுகள் தாங்களே தீட்டும், பிறகு நான் ஒரு முறை தீட்டுவேன். "அம்மா ஒரு நெர செடியும் விடாம கொழுந்து எடுக்குறாங்கள்ல, அதே மாதிரி. உள்பக்கமும் ஒரு நெர இருக்கு" என்பேன். அது அவர்களுக்கு உடனே விளங்கும்.

அந்தப் பிள்ளையும் வந்து நிற்கும். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்ளும். மற்றதுகள் பொக்கை என்று கூப்பிடும். ரொட்டியைக் கடைவாயில் வைத்துத் தலையைச் சாய்த்துப் பிய்க்கும். பல் தீட்டும்போது மட்டும் வாயை நன்றாகத் திறந்து காட்டும். நான் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தேன்.

போன வருஷம் அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. லீவு முடிந்து முதல் நாள் வாசலில் வந்து நின்றாள். மார்பில் குழந்தை, தோளில் பை, பையில் புதுப் போத்தல். "மூத்தது பல்ல நான்தான் பாழாக்கிட்டேன். இதையாவது நீங்க பாத்துக்கங்கக்கா" என்று சிரித்தாள். அவள் இத்தனை நாளும் அதைத் தன் தலையில் சுமந்துகொண்டுதான் மலை ஏறியிருக்கிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நீ பாழாக்கல. நான்தான். தெனம் பத்து மணிக்குச் சீனி போட்ட தேத்தண்ணி குடுத்துத்தான் தூங்க வச்சேன். அன்னிக்கு டொக்டர் கேக்குறப்போ தெரிஞ்சேதான் இல்லன்னேன்."

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு போய்விட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கீழே பாதையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். குழந்தையை வீட்டில் வைத்துப் பார்க்க அவளுக்கு யாரும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

மத்தியானம் வந்ததும் முதலில் போத்தலை எடுத்தாள். மூடியைக் கழற்றி மோந்து பார்த்தாள். ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். பிறகுதான் குழந்தையைத் தூக்கினாள். மறுநாளும் அப்படித்தான். பேச்சு பழையபடி வந்துவிட்டது, அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள், முன்னால் புதுப்பல் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. என்றாலும் இன்றுவரை ஒரு நாள்கூட அவள் போத்தலை மோந்து பார்க்காமல் விட்டதில்லை. அவள் படி ஏறிவருகிற நேரத்துக்கு நானே மூடியைக் கழற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுகிறேன்.