மஞ்சள் டோக்கன்

என் அத்தை சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டில் வந்து இறங்கிய வாரத்தில், ஒரு மாலை அப்படித்தான் வந்தாள். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"வசமா மாட்டிக்கிட்டான்டி."

"யாரு அத்தை?"

"சூப்பர்வைசர்."

அத்தை இப்போது மறதி நோயாளிகள் இல்லம் ஒன்றில் உதவியாளர். அதற்கு முன் தையல் ஆலையில் இருந்தாள். அங்கே ஒரு வரிசைக்கு நாற்பது பெண்கள், கழிப்பறைக்குப் போக ஒரே டோக்கன். உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் வட்டு, நடுவில் வரிசையின் எண் ஏழு. அது சூப்பர்வைசரின் கழுத்தில் தொங்கும். மனம் வந்தால் கொடுப்பான். அத்தை ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த நாளில் மூன்று முறை கேட்டாள். தைக்க வேண்டிய துணிக்கட்டு, பண்டில் என்பார்கள், முன்னால் கிடந்தது. மூன்று முறையும் "அந்த பண்டில முடிச்சிட்டுப் போ" என்றான். முடிப்பதற்குள் ஸ்டூல் நனைந்துவிட்டது.

"தொடைச்சிட்டு வேலையப் பாரு" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அத்தை துடைத்தாள். யார் யார் சிரித்தார்கள் என்று, இருபத்திரண்டு வருடம் கழித்தும், உட்கார்ந்திருந்த வரிசைப்படியே சொல்வாள்.

அவனைத்தான் அன்று மகன் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து இல்லத்தில் சேர்த்திருந்தான். அத்தையை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. மகனையே தெரியவில்லை.

இல்லத்துக்குப் புதிதாக ஒரு வெளிச்ச மேசை வந்திருந்தது. கூரையில் மாட்டிய கருவியிலிருந்து மேசைமேல் படம் விழும். மீன்கள் நீந்தும், கை வைத்தால் விலகி ஓடும். இலைகளைத் தள்ளினால் பறக்கும். நாள் முழுக்க வாய் திறக்காதவர்கள்கூட அதைப் பார்த்தால் கை நீட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் பழகிய பொருள்களைப் படம் எடுத்து அதில் ஏற்றுவது அத்தையின் வேலை. சூப்பர்வைசரின் மகன் கொடுத்த பையில் ஒரு விசில், ஒரு அளவு நாடா, அடியில் அந்த மஞ்சள் டோக்கன்.

"ஆசையா எடுத்து வச்சிருக்கான் பாரு, பரிசு வாங்கின மாதிரி!"

மறுநாளே டோக்கனை மேசையில் ஏற்றினாள். மீன்களைச் சட்டை செய்யாதவன், மஞ்சள் வட்டம் மிதந்து வந்ததும் பாய்ந்து பிடித்தான். மூடிய கையின் மேல் ஏறி நின்றது வெளிச்சம். கையைத் திறந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. அத்தையை நிமிர்ந்து பார்த்தான்.

"மேடம்... டோக்கன்."

"எதுக்கு?"

"அவசரம் மேடம்."

"அந்த பண்டில முடிச்சிட்டுப் போ."

அன்று இரவு சாப்பிடும்போது இதை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டிவிட்டு அத்தை மறுபடியும் தட்டை நிரப்பிக்கொண்டாள்.

"அப்புறம் கூட்டிட்டுப் போனியா?"

"போனேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு."

"அவருக்குத்தான் ஒண்ணுமே ஞாபகம் இல்லையே அத்தை."

"எனக்கு இருக்குல்ல? ஒரு ஆளுக்கு இருந்தாப் போதும்."

ஐந்து நிமிடம் எட்டாகி, எட்டு பன்னிரண்டானது. "மேசைகிட்ட உக்கார வச்சா நல்லாப் பேசுறாரேக்கா, எழுதி வைங்க" என்றாள் நர்ஸ். 'ஆர்வத்துடன் பங்கேற்கிறார்' என்று அத்தை பதிவேட்டில் எழுதினாள்.

அடுத்த வியாழக்கிழமை மேசையைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள். அவன் நான்கு முறை கேட்டான். நான்காவது முறைக்குப் பிறகு நாற்காலியிலிருந்து தரையில் சொட்டியது. இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். அத்தை குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அங்கே அவமானம் இருக்க வேண்டும்.

இல்லை. அவன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். ஈரத் தரையைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். பழைய குரல் அப்படியே வந்தது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? தொடைச்சிட்டு வேலையப் பாரு."

எதிரில் இருந்த ஒரு அம்மாள் களுக்கென்று சிரித்தாள். அத்தை துடைத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் வெகுநேரம் கை கழுவினாள்.

"மறுபடியும் தொடைச்சது நானேதான்டி."

"விட்டுடு அத்தை."

"விடுறதா? இது சரிப்படல, வேற வழி பாக்கணும்னு சொல்லு."

மறுநாள் மேசையிலிருந்து டோக்கனை அழித்துவிட்டாள். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவன் வாய் திறப்பதற்கு முன்பே, தானே கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறாள். ஒரு நிமிடம் தவறுவதில்லை. குறை சொல்ல யாருக்கும் இடம் இல்லை. மற்ற நேரமெல்லாம் அவன் கை மேசைமேல் அலைகிறது. மீன்களை விலக்கி, இலைகளைத் தள்ளி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறது.

"அந்த மஞ்சள் வட்டம் எங்கக்கா? பாவம், தேடிக்கிட்டே இருக்காரு" என்று நர்ஸ் கேட்டிருக்கிறாள்.

"மெஷின்ல ஏதோ கோளாறும்மா."

என்னிடம் சொன்னபோது ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்: "தேடட்டும்."

நிஜ டோக்கன் எங்கள் வீட்டில் இருக்கிறது. பையில் அப்படி ஒன்று இருந்தது மகனுக்கும் நினைவில்லை. குளியலறைக்குள், கதவின் பின்பக்கம், ஆணியில் மாட்டியிருக்கிறாள். மாட்டிய முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போக அனுமதி வேண்டுமா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இந்த வீட்டுல யாரும் யாரையும் கேக்க வேணாம், போடி" என்றாள். "அது பாத்துக்கிட்டே தொங்கட்டும்."