சந்தனப் பொட்டும் வாரண்டியும்

உடுமலைப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் நான் டி.டி.பி. ஆபரேட்டராகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். "கம்ப்யூட்டர் வாங்குங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று முதலாளியை நச்சரித்து வாங்க வைத்தவளே நான்தான். அது ஓடினால்தான் எனக்கு வேலை. வாங்கிய இரண்டாம் மாதமே நின்றுவிட்டது.

கம்பெனியின் சர்வீஸ் சென்டர் கோவையில். போன் செய்தால் "இன்ஜினியர் கிளம்பிட்டார் மேடம்" என்பார்கள். அந்த மகராசன் கிளம்பிக் கிளம்பி உடுமலை வந்து சேரப் பத்து நாள் ஆனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைப் புதிதாக மாற்றியதாக எழுதி, மூடியில் கம்பெனி சீல் ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். "சீல் கிழிஞ்சா வாரண்டி போயிரும்" என்று மிரட்டிவிட்டும் போனார்.

அடுத்து ஆயுத பூஜை. எங்கள் முதலாளி ஸ்டேப்ளரைக்கூட விடமாட்டார். மானிட்டரின் நெற்றியிலும் சி.பி.யூ. மூடியிலும் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டார். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். நமக்கென்ன என்று பொரிகடலையை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

நாலாம் நாள் பெட்டி மறுபடியும் செத்தது. ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகைகள் எல்லாம் அதற்குள்ளே. இன்ஜினியர் வந்தார், சந்தனத்தைப் பார்த்தார், மூடியைத் திறக்கக்கூட இல்லை. "சந்தனம் உள்ளே இறங்கியுள்ளது. வாடிக்கையாளர் தவறு. வாரண்டி இல்லை" என்று ரிப்போர்ட் எழுதினார்.

"ஏனுங்க, திறந்தே பாக்காம உள்ள இறங்கிருச்சுன்னு எப்படிங்க எழுதறீங்க?"

"மேடம், எனக்கே டெக்னிக்கல் சொல்லித் தராதீங்க."

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "நான் வெச்ச பொட்டுதானே அம்மணி. இதெல்லாம் நமக்கு ஒத்து வராது. பழையபடி ஈய எழுத்தே கோத்துக்கலாம். நீ வேற எடம் பாத்துக்க கண்ணு" என்றார். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். தன்மையாகச் சொன்னதில்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு நாள் குடுங்க. கோயமுத்தூர் போயிட்டு வாரேனுங்க" என்றேன்.

மறுநாள் பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த பெண், "வெச்சுட்டுப் போங்க, பத்து நாள்ல சொல்றோம்" என்றாள்.

"வெச்சுட்டுப் போறதுக்கு வரலீங்க. என் முன்னாடி திறங்க. சந்தனம் இறங்கியிருந்தா எங்க தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"கஸ்டமர் முன்னாடி திறக்கற வழக்கம் இல்லைங்க."

"இன்னைக்குத் திறந்து வழக்கம் பண்ணிக்கோங்க" என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். ரிப்பேருக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் என்ன சங்கதி என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். மத்தியானத்துக்குள் மேனேஜரே வெளியே வந்தார்.

"இங்க பாரும்மா, சத்தம் போடாதீங்க."

"சத்தம் போடலீங்க சார். கேக்கறவங்களுக்குப் பதில் சொல்றேன்."

வேறு வழியில்லாமல் அந்த இன்ஜினியரையே கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார். சீலைக் கிழித்து மூடியைக் கழற்றினார்கள். போர்டில் ஒரு துளி சந்தனம் இல்லை. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். மேல் மஞ்சளாக ஏதோ இருந்தது. இன்ஜினியர் துள்ளினார்: "பாருங்க சார், நான்தான் சொன்னேனே!"

வேலை போச்சு என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தேன். அது ஒழுகிய சந்தனம் இல்லை. விரலால் வைத்த வட்டப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"சார், இந்தச் சீல் யாருங்க ஒட்டுனது?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"நாங்கதான்."

"இப்பத் திறக்கறதுக்கு முன்னாடி கிழிஞ்சிருந்துச்சுங்களா?"

"இல்லையே."

"அப்ப சீல் போட்ட பொட்டிக்குள்ள எங்க முதலாளி கை எப்படிங்க போச்சு?"

விஷயம் விளங்கிவிட்டது. யாரோ ஒரு பட்டறைக்காரர் போன வருஷ ஆயுத பூஜைக்கே தன் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த டப்பாவுக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார். அவருடைய பழைய டப்பாவைத்தான் எங்களுக்குப் புதிது என்று மாட்டியிருக்கிறார்கள். மேனேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தரையைப் பார்த்தார்.

புது டப்பாவைப் பாக்கெட் பிரித்து என் கண்ணெதிரே மாட்டினார்கள். பெட்டி ஓடியது. பத்திரிகைகள் அப்படியே இருந்தன. மேனேஜர் காபி வரவழைத்து, "இதை வெளியில சொல்லிக்க வேண்டாம்மா" என்றார்.

"காபி வேண்டாங்க. வாடிக்கையாளர் தவறுங்கற வரிய அடிச்சுப்போட்டு, கம்பெனி தவறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எங்க முதலாளி அந்த வரிய நம்பிட்டு உக்காந்திருக்காரு."

போட்டார்.

சாயங்காலம் முதலாளி அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு, "காலைல வெள்ளனா வந்துரு அம்மணி. கல்யாணப் பத்திரிகைக்குக் குடுத்தவங்க காத்துட்டிருக்காங்க" என்றார்.

அதே அச்சகத்தில் பதினெட்டு வருஷம் இருந்தேன். இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் தப்பு என்று ஒருவர் எழுதி நீட்டினால், திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை எழுந்திருக்காதீர்கள்.