பை-டூ காப்பியின் மறுபாதி

விவேக் நகரிலிருந்து பிலோமினா அக்காவின் தம்பி அழைத்தபோது, நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அக்கா காலையில போயிட்டாங்க மேடம். நிம்மதியாத்தான் போனாங்க" என்றார். நிம்மதி என்பதை நான் நம்பவில்லை. இன்னும் போய்ப் பார்க்காத சாப்பாட்டுக் கடைகள் அவரிடம் எப்போதும் மிச்சம் இருந்தன.

இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எங்கே சாப்பிடலாம் என்று எழுதியவராகவே உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர் உடன் வேலை பார்த்த மூத்த தோழி. அவர் ஆங்கிலத் துறை, நான் புள்ளியியல். சனிக்கிழமைகளில் என்னை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார். எந்தக் கடையானாலும் முதலில் பை-டூ, ஒரே காப்பி இரண்டு தம்ளரில். "முழுசா குடிச்சா அங்கேயே உக்காந்துடுவோம். பாதி குடிச்சாத்தான் அடுத்த கடைக்குக் கால் நகரும்" என்பார்.

இந்திரா நகரில் புதிதாகத் திறந்த ஒரு மாடி உணவகத்தில், பரிமாற வந்தவர் ஒவ்வொரு பண்டத்தின் வரலாற்றையும் விளக்கிக்கொண்டே போனார். அக்கா பொறுமையாகக் கேட்டார். "கதை நல்லா இருக்கு தம்பி. சாப்பாடு எப்ப வரும்?"

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு அவருக்கு ருசி போய்விட்டது. எழுதுவதை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் தேறியதுமே அல்சூரில் நாங்கள் வழக்கமாக நின்று சாப்பிடும் தர்ஷினி ஓட்டலுக்கு என்னை வரச்சொன்னார். ஒரு தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிச்சுட்டுச் சொல்லு."

"நல்லா இருக்குக்கா."

"அதைக் கல்லாவுல உக்காந்திருக்கறவரே சொல்வாரு. நாக்குல என்ன நடக்குதுன்னு சொல்லு டீச்சரம்மா."

சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது வெட்டி வேலை என்று எண்ணியிருந்தவள் நான். சிக்கரி தூக்கல், கசப்பு கடைசியில்தான் வருகிறது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் தன் பாதியைக் குடித்தார். "ஆமா, வருது" என்றார். வரவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பிறகு வந்த கட்டுரைகளில் 'உடன் வந்தவர் சொல்கிறார்' என்று நீங்கள் படித்தவை என் வார்த்தைகள். என் பெயர் வேண்டாம் என்றேன். "சரி, போடல. ஆனா என் நாக்குன்னு பொய் எழுத மாட்டேன்" என்றார்.

கடைசியில் அவரால் விழுங்கவும் முடியவில்லை. நான் தனியே மர்பி டவுன் இட்லிக் கடைக்குப் போய், போனில் அவரைக் கூப்பிட்டேன். குரல் கரகரத்தது. "சாம்பார்ல முக்கிட்டியா? அய்யோ, முதல்ல வெறும் இட்லி." வெறும் இட்லியைத் தின்று, நாக்கில் நடந்ததைச் சொன்னேன். "ம், அப்புறம்?" என்றார்.

அடக்கம் முடிந்ததும் அல்சூர் தர்ஷினிக்குப் போனேன். பழக்கத்தில் பை-டூ என்று சொல்லிவிட்டேன். இரண்டு தம்ளர்கள் வந்தன. என் பாதியைக் குடித்தேன். பால் லேசாகத் தீய்ந்திருந்தது, அன்று கசப்பு முதலிலேயே வந்துவிட்டது. போனை எடுத்தேன், மறுபடி பைக்குள் வைத்தேன்.

நல்லா இருக்கு என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாத ஒரு நாக்கு, அவரிடமிருந்து வந்து என்னிடம் தங்கியிருக்கிறது. 'அப்புறம்?' என்று கேட்கத்தான் ஆள் இல்லை.