மட்டையைக் கீழே போடப் பழகிய மூன்று வாரம்

எலுமிச்சம்பழம் என் இடது காதை நோக்கி வந்தது. வலது கையில் சிப்பித் தட்டு இருந்ததால் இடது கையை நீட்டிப் பிடித்தேன். தட்டை மேசையில் வைத்தேன். பழத்தை வலது கைக்கு மாற்றி, எறிந்தவனுக்கே திருப்பி எறிந்தேன். அவன் உணவகத்து முற்றத்தின் மறு கோடியில், வள்ளங்கள் கட்டியிருக்கும் சுவரோரம் நின்றான். பழம் மேலெழாமல், நேர்கோட்டில் போய் அவன் உள்ளங்கையில் அறைந்தது. கையை உதறிக்கொண்டு அவன் ஏதோ சொன்னான். அது ஆசீர்வாதம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

பலெர்மோ நகரை ஒட்டிய மீனவக் கிராமமான ஸ்ஃபெர்ராகவால்லோவில் சனி, ஞாயிறு மதியங்களில் பரிமாறும் வேலை எனக்கு. அன்று நீண்ட மேசையில் இருந்தவர்கள் வட இத்தாலியிலிருந்து வந்த பேஸ்போல் அணியினர். அவர்கள் ஊரில் மைதானமெல்லாம் பனியாம். எங்கள் மார்ச் வெயிலில் பயிற்சி எடுக்க வந்திருந்தார்கள். மேசைத் தலைப்பில் இருந்த பயிற்றுநர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே விளையாடுகிறாய் என்று கேட்டார். பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணி, இடது ஓரம் என்றேன். காலைக் கேட்கவில்லை, கையைக் கேட்கிறேன் என்றார். இங்குள்ள தமிழர் சேர்ந்து ஞாயிறு பின்னேரங்களில் கிரிக்கெட் ஆடுகிறோம் என்றேன். நடுவில் தேநீர் குடிப்பார்களே, அந்த விளையாட்டா என்று கேட்டார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. கிரிக்கெட்டில் இந்தக் கை எல்லைக்கோட்டில் நின்று, எப்போதாவது வரும் பந்துக்குக் காத்திருக்கிறது. உதைபந்தில் இதற்கு வேலையே இல்லை. ஆனால் இந்தக் கையைத் தேடிக்கொண்டு ஒரு விளையாட்டு இருக்கிறது, அதற்குச் சம்பளமும் உண்டு, அதை ஆடுகிறவர்கள் என் முன்னால் இறால் உரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன்பின் அன்று நான் கொண்டுபோன தட்டுகளில் பாதி மேசை மாறித்தான் போயிருக்கும்.

போகும்போது பயிற்றுநர் விலாசம் கேட்டார், பிறகு திட்டத்தைச் சொன்னார். மூன்று வாரம் பலெர்மோவில்தான் இருப்பார்கள். கடைசி ஞாயிறு தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து ஒரு ஆட்டம் ஆடுவார்கள். அதில் எனக்கு ஓரிடம். வெளிக்களத்தில் நிற்கும் ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டதால், என் ஆட்டம் பிடித்திருந்தால் அவன் இடத்துக்கு ஒப்பந்தம்.

அதற்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, பல்கலைக்கழக அணி தன் வீரர் பட்டியலை மூடும். இரண்டு வருடம் மாற்று ஆட்டக்காரனாக வாங்கில் உட்கார்ந்து தேய்ந்தபின் முதல் பதினொருவரில் என்னைப் போடப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். பட்டியலில் இருந்தால் படிப்புக் கட்டணமும் இல்லை. அதில் கையெழுத்திட்டால் வடக்கே போக முடியாது. வடக்கே போனால் அந்த இடம் வேறொருவனுக்கு. இரண்டையும் வைத்திருக்க வழி இருக்கிறதா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். இல்லை.

பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. அப்பா நாப்போலி போகும் கப்பலில் சமையற்காரர். வாரத்தில் பாதி நாள் கடலில் இருப்பவர் என்பதால், அம்மா சொல்வதைக் கேள் என்பதோடு அவர் கருத்து முடிந்துவிடும். அம்மாவின் கருத்து அப்படி முடியாது. முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டு வேலை முடித்து வந்து, வெங்காயம் வெட்டியபடி முழுவதையும் கேட்டார்.

"பந்தை மட்டையாலை அடிச்சா அது கிரிக்கெட்" என்றார். "அதை விட்டிட்டு, அதைப் போலை இன்னொண்டு என்னத்துக்கு?"

அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றேன்.

"படிக்கிற பிள்ளை பந்து விளையாடினா ஆரும் ஒண்டும் சொல்லாயினம். பந்து விளையாடுற பிள்ளை நான் படிக்கிறன் எண்டு சொன்னா, ஆர் நம்பிறது?"

அம்மா கிரிக்கெட் தெரியாதவர் அல்ல. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கைபேசியில் ஆட்டம் பார்த்து, களத்தில் யாரை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று அணித்தலைவரைத் திட்டும் ரகம். அதனால்தான் எனக்குப் பயம். தெரியாதவர் என்றால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்.

பயிற்சிக்கு ஆள் வேண்டியிருந்தது. பேஸ்போலில் பந்து நிலத்தில் குத்தாமல் நேரே வரும். எங்கள் ஞாயிறு அணியின் வீச்சாளர்களைக் கேட்டேன். குத்தாத பந்து போடுவதைத் தங்கள் பரம்பரைக்கே வந்த இழுக்காக நினைத்து மறுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் மிச்சம்: கபோ சந்தையில் மீன்பெட்டி இறக்கும் அண்ணை. கையை மடக்கி நிமிர்த்தி எறிகிறார் என்று அவருக்கு யாரும் பந்து கொடுப்பதில்லை. கிரிக்கெட்டில் அது குற்றம். எப்போதாவது கெஞ்சி ஒரு பந்து வாங்கிப் போட்டால், நடுவரும் எதிரணியும் எங்கள் அணியும் ஒரே குரலில் நோ போல் என்பார்கள்.

நான் கேட்டதும் அண்ணை கையிலிருந்த மீன்பெட்டியை இறக்கி வைத்தார்.

"இத்தனை வருசமா எறியிறாய் எறியிறாய் எண்டு என்னைத் துரத்தினியள். இப்ப எறிய வா எண்டு கூப்பிடுறாய். விளையாட்டுக் காட்டேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. எறியத்தான் வேணும்."

"பிறகு ஒருத்தரும் நோ போல் எண்டு சொல்லப்படாது."

ஃபவோரித்தா பூங்காவில், சந்தை முடிந்தபின், வேலிக்குப் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்து அண்ணை எறியத் தொடங்கினார். அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. பந்து சீறி வந்தது. முதல் வாரம் நான் மெத்தைக்குத்தான் வேலை கொடுத்தேன். இரண்டாம் வாரம் பந்து மட்டையில் படத் தொடங்கியது. விசயம் கேள்விப்பட்டு ஞாயிறு அணிக்காரர் ஒவ்வொருவராகப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் அண்ணை, உள்ளே வந்து ஒரு பந்து அடித்துப் பாருங்கோவன் என்று மிக மரியாதையாக அழைத்தார். ஒருவரும் போகவில்லை.

பந்தை அடிக்கப் பழகினேன். ஆனால் அடித்தபின் மட்டையைக் கீழே போட வரவில்லை. கிரிக்கெட்டில் ஓடும்போது மட்டையும் கையோடு வரும். கோட்டைத் தொடுவதே அதன் நுனிதான். பேஸ்போலில் அதை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு முதல் தளத்துக்கு ஓட வேண்டும்; நாலு தளத்தையும் சுற்றி வந்தால்தான் ஒரு ஓட்டம். நான் ஒவ்வொரு முறையும் ஏதோ கொள்ளையடித்துக்கொண்டு ஓடுபவன்போல மட்டையோடு ஓடினேன். ஒரு நாள் அம்மா எங்கள் இருவருக்கும் இடியப்பம் கொண்டுவந்து, வாங்கில் இருந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதைக் கொண்டு ஓடுறது சரியோ?" என்று கேட்டார்.

பிழை, போட்டுவிட்டு ஓட வேண்டும் என்றேன்.

"பிறகேன் போடேல்லை?"

இடியப்பம் சாப்பிட்டேன்.

அந்த மூன்று வாரமும் புதன்கிழமைகளில் உதைபந்துப் பயிற்சிக்கும் போனேன். அங்கே எனக்கு எதுவும் புதிதில்லை. இடது ஓரத்தில் பந்து கிடைத்ததும் எதிரில் நிற்பவன் எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறான் என்று பார்க்காமலே தெரியும். கடைசிப் புதன் இரண்டு பேரைக் கடந்து கொடுத்த பந்தில் கோல் விழுந்தது. பயிற்றுநர் என் தோளில் தட்டினார். வீட்டுக்கு நடந்து வரும்போது, இதை விடுவதற்கு எனக்கென்ன பைத்தியமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. அம்மா பூசை முடிந்து நேரே, சேலையோடு மைதானத்துக்கு வந்தார். அண்ணையும் வந்தார். வேலிக்கு அப்பால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அடிக்க எனக்கு மூன்று வாய்ப்புகள் கிடைத்தன. முதலாவதில் பந்து எங்கே போனதென்றே தெரியவில்லை. இரண்டாவதில், விலகிப் போன பந்தை மட்டையின் ஓரத்தால் பின்பக்கம் அழகாகத் தட்டிவிட்டு, நாலு ஓட்டம் என்று நிமிர்ந்தேன். பேஸ்போலில் பின்னால் போகும் பந்துக்கு மதிப்பே இல்லை. எதிரணி கைதட்டியது, கிண்டலுக்கு. அடுத்த பந்தில் வெளியேறினேன்.

மூன்றாவதில் இரண்டு தவறு முடிந்துவிட்டது. இன்னொன்று தவறினால் கதை முடிந்தது. எறிபவன் வேண்டுமென்றே தாழ்வாக எறிந்தான். பந்து எனக்கு முன்னால் மண்ணில் குத்தியது. எந்த பேஸ்போல்காரனும் அதைத் தொடமாட்டான், விட்டுவிடுவான். ஆனால் நான் குத்தும் பந்துகளிலேயே வளர்ந்தவன். என்னைக் கேட்காமலே முன்கால் போனது. பந்து எழுந்த இடத்திலேயே மட்டை பிடித்தது. இரண்டு களத்தடுப்பாளர்களுக்கு நடுவே அது புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

நானும் ஓடினேன். மட்டையோடு.

"மட்டையைப் போட்டிட்டு ஓடடா!"

அம்மாவின் குரல். அந்த மைதானத்தில் அதற்குமுன் யாரும் தமிழில் கத்தியிருக்கமாட்டார்கள். போட்டேன். கை இவ்வளவு இலேசாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதல் தளத்தைத் தாண்டி இரண்டாவதில் போய் நின்றபோதுதான் மூச்சு வந்தது. எனக்கு முன்னால் அங்கே நின்றவன் ஓடி முடித்து ஓட்டம் சேர்ந்துவிட்டது. நிலத்தில் குத்திய பந்து, செல்லாது என்று எறிபவன் வாதாடினான். நடுவர் தலையை ஆட்டினார்: குத்தினாலும், அடித்தால் அடித்ததுதான். வேலியோரம் அண்ணை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

கடைசிப் பகுதியில் பந்து வெளிக்களத்தில் என்னிடம் உயர்ந்து வந்தது. மூன்றாம் தளத்தில் நின்றவன் நான் பிடித்ததும் ஓட்டம் எடுக்கப் புறப்பட்டான். பிடித்தேன், எறிந்தேன். பந்து அவனுக்கு முன்பே கடைசித் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் யாரும் தேநீரைப் பற்றிக் கதைக்கவில்லை.

பயிற்றுநர் சுருக்கமாகச் சொன்னார். கை இருக்கிறது, கால் இருக்கிறது, அடிக்கத் தெரியாது, அதைக் கற்றுத்தரலாம். இந்த வருடமும் அடுத்த வருடமும் ஒப்பந்தம், தங்க அறை. நாளை மாலைக்குள் பதில்.

பேருந்தில் அம்மா சன்னலோரம் இருந்தார். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டு திரும்பினார்.

"நான் ஓம் எண்டு சொல்லேல்லை. மட்டையைப் போடு எண்டுதான் சொன்னனான்."

"ஓம் அம்மா."

பேருந்து இரண்டு தரிப்பிடம் தாண்டியது.

"உதைபந்து விளையாடினா நீ எவ்வளவு தூரம் போவாய்?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். நல்ல பல்கலைக்கழக ஆட்டக்காரன். மூன்று வருடம். அதற்கு மேல் இல்லை.

"மற்றதிலை?"

"தெரியாது."

சொன்னதும் எனக்கே விளங்கியது. அந்தத் தெரியாததுதான் எனக்கு வேண்டியிருந்தது. அம்மாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு பரீட்சைக்கும் பலெர்மோ வந்து எழுதுவாயா என்று கேட்டார். எழுதுவேன் என்றேன். ஒன்றைத் தவறவிட்டாலும் தானே வடக்கே வந்து காதைப் பிடித்து இழுத்து வருவேன், அது எந்த அணியின் மைதானம் என்று பார்க்கமாட்டேன் என்றார். எங்கள் வீட்டில் சம்மதம் அப்படித்தான் வரும்.

திங்கட்கிழமை காலை உதைபந்துப் பயிற்றுநரைப் பார்க்கப் போனேன். கோபிப்பார் என்று பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். பாதியிலேயே நிறுத்தி, இருபது வயதில் தனக்கும் ஒரு கழகத்திலிருந்து அழைப்பு வந்ததாகவும், போகவில்லை என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். அன்று மழை என்றார், சிரிக்காமல். பிறகு என் பெயரைத் தானே வெட்டிவிட்டுக் கை கொடுத்தார்.

தொலைபேசியில் அழைத்து, வடக்கே வருகிறேன் என்று சொன்னபோது, புதுப் பயிற்றுநர் வாழ்த்துகூடச் சொல்லவில்லை. உன் ஓட்டம்தான் உன் ஆயுதம், இடது பக்கம் நின்று அடித்தால் முதல் தளம் இன்னும் கிட்ட, அதனால் வெள்ளிக்கிழமை முதல் இடதுகைக்காரன்போல நின்று அடிக்கிறாய் என்றார். வாழ்நாளில் நான் அப்படி ஒரு பந்துகூட அடித்ததில்லை. அப்பாவின் கப்பலில்தான் வியாழன் மாலை புறப்படுகிறேன். அதற்குமுன் இன்று பின்னேரம் அண்ணை வேலை முடித்து ஃபவோரித்தாவுக்கு வருகிறார். கைகளை மாற்றிப் பிடித்து, மறுபக்கம் நின்று, அவர் எறிவதில் ஒன்றையாவது தொட முடிகிறதா என்று பார்க்கப் போகிறேன்.